பனிப்பெட்டியில் காத்திருக்கும் கொடை

கடற்கரைப் பங்குகளில் வாழும் நம் மக்களுக்கு ஓர் உண்மையை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. மீன் முதன்முதலில் கெடத் தொடங்குவது அதன் வயிற்றில்தான். ஆகவேதான் பெரிய மீனைப் பனிக்கட்டியில் இடுவதற்கு முன், அதன் வயிற்றைக் கீறிக் குடலை அகற்றிக் கழுவிவிடுகின்றனர். மீன் வாங்கி வரும் நம் தாய்மாரும் அவ்வாறே செய்கின்றனர். சதைப் பகுதி பனிக்கட்டியில் பல நாள்கள் தாங்கும், குடல் தாங்காது. உணவைச் செரிப்பதற்காகக் குடலில் ஊறும் நீர்களே, உயிர் நீங்கியபின் குடலைச் செரிக்கத் தொடங்கிவிடுகின்றன. அதனுள் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அந்த வேலையில் சேர்ந்துகொள்கின்றன.

மீனவர் வேண்டாமென்று வீசி எறியும் அதே உறுப்பை, இறந்த ஒரு மனிதரின் உடலிலிருந்து எடுத்து, பனிக்கட்டி நிறைந்த பெட்டியில் சில மணி நேரம் உயிர்த்தன்மை குன்றாமல் காத்து, மற்றொரு மனிதரின் வயிற்றில் பொருத்தும் கலையை இன்றைய அறுவை மருத்துவர்கள் கற்றுள்ளனர். சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். குடலையும் ஒருவர் மற்றவருக்குத் தரலாம் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தி. மாற்றிப் பொருத்தும் உறுப்புகளுள் பாதுகாத்து வைப்பதற்கு மிகவும் கடினமானவற்றுள் ஒன்று இதுவே. அந்தச் சில மணி நேரத்தில் குடலின் திசுக்களில் நிகழ்வது என்ன? அதை அறிந்துகொள்வது மருத்துவர்களுக்கு மட்டுமன்று, ஒருநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று “சம்மதம்” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாகக்கூடிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தருவதாகும்.

குடலை இழந்தவர்கள்

குடலை மாற்ற வேண்டிய தேவை யாருக்கு வருகிறது? பிறந்த சில நாள்களிலேயே குடல் முறுக்கிக்கொள்ள, குருதியோட்டம் நின்று, பெரும்பகுதியை வெட்டி எடுக்க நேரும் குழந்தைகள் உண்டு. வயிற்றுச் சுவரில் துளையோடு பிறந்து, குடல் வெளியே சரிந்து கிடக்கும் குழந்தைகளும் உண்டு. வளர்ந்தவர்களுக்கும், குடலுக்குக் குருதி கொண்டு செல்லும் குழாயில் குருதி உறைந்து அடைத்துக்கொள்வதால், ஓரிரவில் குடலின் பெரும்பகுதி மாண்டு போவதுண்டு. இத்தகையோர் எவ்வளவு உண்டாலும் அந்த உணவு உடலில் சேர்வதில்லை.

முற்காலத்தில் இவர்கள் பட்டினியால் இறந்தனர். 1968-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்டான்லி டட்ரிக் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும், தேவையான சத்துகள் அனைத்தையும் பெரிய குருதிக் குழாயின் வழியாகவே செலுத்தி ஒரு குழந்தையை வளர்க்க முடியும் என்று காட்டினர். இன்றும் குடலிழந்தோர் பலரின் உயிரைக் காத்து வருவது இம்முறையே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வாழ்வது எளிதன்று. குழாய் செருகிய இடத்தில் நோய்க் கிருமிகள் புகுந்து குருதியில் பரவக்கூடும். ஒவ்வொரு குருதிக் குழாயாக அடைபட்டு, செருகுவதற்கு இடமே இல்லாமற் போகலாம். கல்லீரல் படிப்படியாகக் கெட்டுவிடுவதும் உண்டு. இந்நிலையை அடைந்தவர்களுக்கே குடல் மாற்று அறுவை பெரும்பாலும் செய்யப்படுகிறது. உலகெங்கும் இதுவரை இச்சிகிச்சை பெற்றோர் சில ஆயிரம் பேர் மட்டுமே. நம் சென்னை நகரின் மருத்துவமனைகளிலும் இது நடைபெற்று வருகிறது.

பூந்துவாலை போன்ற உட்புறம்

வளர்ந்த மனிதரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம் உடையது. அதன் உட்புறம் வழவழப்பான குழாய் போன்றதன்று. குளித்தபின் நாம் துவட்டிக்கொள்ளும் பூந்துவாலையில் நூல்கள் நெருங்கி எழுந்து நிற்பதைப் போல, அங்கே எண்ணற்ற நுண்ணிய விரல்கள் நெருங்கி எழுந்து நிற்கின்றன. இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். ஒவ்வொன்றின் உயரமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாது. இத்தகைய மடிப்புகளையும் விரல்களையும் விரித்துப் பரப்பினால் சுமார் 30 சதுர மீட்டர் இருக்கும் என்று 2014-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இவ்விரல்களை மூடியிருக்கும் மேற்படலம் ஒரேயோர் உயிரணு அடுக்கால் ஆனது. அதற்கு அப்பால் உணவும் செரிமான நீர்களும் கோடானுகோடி நுண்ணுயிர்களும். அதற்கு இப்பால் நமது குருதி. இத்துணை மெல்லிய வேலியைக் கொண்டுதான் படைத்தவர் நம்மைக் காத்துவருகிறார்! அந்த வேலி ஓயாமல் தேய்கிறது. ஓயாமல் புதுப்பிக்கவும் படுகிறது. விரல்களின் அடியில் சிறு குழிகள் உள்ளன. அவற்றின் ஆழத்தில் இருக்கும் மூல உயிரணுக்கள் புதிய உயிரணுக்களைத் தோற்றுவித்தபடியே இருக்கின்றன. (அம்மூல உயிரணுக்களை ஐயமின்றி அடையாளம் கண்டவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், ஆண்டு 2007.) புதியவை மெல்ல மேலேறி, மூன்று முதல் ஐந்து நாள்களில் விரலின் நுனியை அடைந்து, அங்கிருந்து உதிர்கின்றன. சென்ற ஞாயிறு நாம் திருப்பலிக்குச் சென்றபோது நம் குடலில் இருந்த மேற்படலம் இந்த ஞாயிறு இல்லை. முற்றிலும் புதியது அங்கே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விரலின் நடுவிலும் குருதி மேலேறிச் செல்கிறது. நுனியைத் தொட்டபின் ஓரங்களின் வழியே கீழிறங்குகிறது. ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் மிக அருகருகே இருப்பதால், ஏறும் குருதியிலுள்ள உயிர்வளியின் ஒரு பகுதி நுனியை அடையும் முன்பே இறங்கும் குழாய்க்குக் கசிந்துவிடுகிறது. ஆற்றுப் பாசனத்தில் கடைமடை வயலின் நிலையை நாம் அறிவோம். தண்ணீர் தாராளமாக வரும் ஆண்டிலும் கடைமடைக்குக் குறைவாகவே கிடைக்கும். வறட்சி வந்தால் முதலில் காய்வதும் கடைமடைதான். விரலின் நுனி குடலுக்குக் கடைமடை ஆகும்.

குளிரின் நன்மையும் தீமையும்

கொடையாளரின் உடலிலிருந்து உறுப்பை எடுக்கும் வேளையில், குருதிக் குழாய்களின் வழியே குளிர்ந்த பாதுகாப்பு நீரைச் செலுத்தி, உள்ளிருக்கும் குருதி முழுவதையும் கழுவி வெளியேற்றுகின்றனர். பின்னர் அதே நீர் நிரம்பிய பையில் உறுப்பை இட்டு, அந்தப் பையை மேலும் இரு பைகளுள் வைத்து, பனிக்கட்டி நிறைந்த பெட்டியில் அமர்த்துகின்றனர். வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ். பனிக்கட்டி உறுப்பை நேராகத் தொடலாகாது. தொட்டால் திசு உறைந்து அழிந்துவிடும்.

குளிர் ஏன் உதவுகிறது? வெப்பம் 10 டிகிரி குறையும்போது உயிரணுக்களின் வேலை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. உடல் வெப்பத்திலிருந்து 4 டிகிரிக்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சும். உண்ண உணவில்லாதபோது அசையாமல் படுத்திருப்பதைப் போன்ற நிலை இது. ஆயினும் அந்தப் பத்தில் ஒரு பங்கு வேலை தொடர்ந்து நடக்கத்தான் செய்கிறது. உயிர்வளியோ வருவதில்லை. கையிருப்பு மெல்லக் கரைகிறது.

தோணியில் கடலுக்குச் செல்வோர் இதை எளிதில் உணர்வர். எந்தத் தோணியிலும் சிறிது நீர் கசியும். ஒருவர் அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால் தோணி மிதக்கும். நம் உயிரணு ஒவ்வொன்றும் இவ்வாறே தனக்குள் கசியும் உப்பையும் அதனோடு வரும் நீரையும் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. குளிரில் அந்த இறைப்பு நின்றுவிடுகிறது. உப்பும் நீரும் உட்புகுந்து உயிரணு வீங்குகிறது. குளிர் ஒருபுறம் காக்கிறது. மறுபுறம் ஊறு செய்கிறது. மருத்துவர்களின் அறிவெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில்தான் உழைக்க வேண்டியிருக்கிறது.

நுனியிலிருந்து அடிவரை

பெட்டிக்குள் இருக்கும் குடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால், கேடு எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பது தெரியும். அதை முறையாக வகுத்துத் தந்தவர்கள் கனடா நாட்டில் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சியூ என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆவர். 1970-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, குருதியோட்டம் குறைந்த குடலைப் பற்றியது; குளிரூட்டிய குடலைப் பற்றியதன்று. எனினும் பிற்காலத்தில் குளிரில் காத்த குடலை மதிப்பிடுவதற்கும் அவர்களின் அளவுகோலே பயன்பட்டு வருகிறது. பூச்சியம் முதல் ஐந்து வரை அதில் படிகள் உண்டு.

பூச்சியம் என்பது நலமான குடல். முதற்படியில், விரலின் நுனியில் மேற்படலத்திற்கும் அடித்திசுவிற்கும் இடையே ஒரு சிறு வெற்றிடம் தோன்றுகிறது. சுவரில் பூசிய சுண்ணாம்பு ஈரத்தால் உப்பிக்கொள்வதைப் போன்றது இது. இரண்டாம் படியில் அந்த இடைவெளி விரிந்து, படலம் ஓரளவு தூக்கப்படுகிறது. மூன்றாம் படியில் விரலின் இரு பக்கங்களிலும் படலம் பெரிதும் கழன்று, சில நுனிகள் மொட்டையாகின்றன. நான்காம் படியில் விரல்கள் முற்றிலும் தோலுரிந்து, அடித்திசுவும் விரிந்த நுண்குருதிக் குழாய்களும் வெளியே தெரிகின்றன. ஐந்தாம் படியில் அந்த அடித்திசுவும் கரைந்து, குருதிக் கசிவும் புண்ணும் உண்டாகின்றன. 1990-இல் பார்க் முதலான ஆய்வாளர்கள் இவ்வளவுகோலை நீட்டி, குழிகளும் தசையடுக்கும் அழியும் நிலைகளையும் அதில் சேர்த்து, எட்டாம் படிவரை வகுத்தனர்.

பெட்டியில் வைத்த முதல் சில மணி நேரத்திலேயே நுனிகளில் அந்தச் சிறு வெற்றிடம் தோன்றத் தொடங்கிவிடுகிறது. படலத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்திருக்கும் நுண்ணிய தையல்களும் தளர்கின்றன. அரை நாள் கடந்துவிட்டால், விலங்குகளில் நடத்திய பல ஆய்வுகளில், படலம் பரந்த அளவில் கழன்றுவிட்டிருப்பதைக் கண்டுள்ளனர். சிறுநீரகம் பனிக்கட்டியில் ஒரு நாளும் அதற்கு மேலும் தாங்கும். கல்லீரல் ஏறத்தாழ அரை நாள் தாங்கும். குடலையோ ஆறு முதல் ஒன்பது மணி நேரத்திற்குள் பொருத்திவிடவே பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புகின்றனர்.

ஏன் இந்த வேறுபாடு? ஓயாமல் புதுப்பிக்கப்படும் உறுப்பு, புதுப்பித்தல் நின்றவுடன் விரைவில் நலிகிறது. மேலும், குருதிக் குழாய்களின் வழியே செலுத்தும் பாதுகாப்பு நீர் குடலின் உட்குழலைச் சென்று அடைவதில்லை. அங்கே செரிமான நீர்களும் நுண்ணுயிர்களும் இருந்துகொண்டே இருக்கின்றன. மீன் பிடிப்போர் அறிந்திருக்கும் இடர் இதுவேயன்றோ!

குருதி திரும்பும் வேளை

பெட்டியிலிருந்து எடுத்துப் பெறுபவரின் வயிற்றில் வைத்து, குருதிக் குழாய்களைத் தைத்து, இடுக்கியைத் திறந்தவுடன் வெளிறிக் கிடந்த குடல் சில நொடிகளில் சிவந்து நிறம் பெறுகிறது. அறுவை அரங்கில் இருப்போருக்கு அது மகிழ்ச்சி தரும் காட்சி. ஆயினும் மறைந்திருந்த கேடு வெளிப்படுவதும் அந்நேரத்தில்தான்.

நெடுநேரம் உயிர்வளியின்றிக் கிடந்த திசுவினுள் திடீரென உயிர்வளி பாயும்போது, அதன் ஒரு பகுதி திசுவைத் தாக்கும் நச்சுத் துகள்களாக மாறுகிறது. 1981-இல் அமெரிக்காவில் நீல் கிராஞ்சர் முதலானோர் இவ்வுண்மையைக் கண்டறிந்தது பூனையின் குடலில் நடத்திய ஆய்வினால்தான். இம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதி குடலில் மிகுதியாக இருப்பதே காரணம். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென விருந்து வைத்தால் அதுவே அவனுக்குக் கேடாகும் என்று நம் முன்னோர் எச்சரித்ததை இது நினைவூட்டுகிறது.

தளர்ந்த வேலியின் வழியே குடலிலுள்ள நுண்ணுயிர்கள் குருதிக்குள் புகலாம். நோயை எதிர்க்கும் ஆற்றலை மருந்தால் குறைத்து வைத்திருக்கும் ஒருவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். அது மட்டுமன்று. உடலின் பாதுகாப்பு அணுக்கள் மிகுதியாகக் குடியிருக்கும் இடங்களுள் குடலும் ஒன்று. ஆகவே பெறுபவரின் உடலுக்கும் வந்து சேர்ந்த குடலுக்கும் இடையே மூளும் போர், மற்ற உறுப்புகளைவிட இங்கே கடுமையாயிருக்கும்.

இத்தனை கேடுகளுக்கும் இடையில் ஒரு நம்பிக்கையும் உண்டு. கேடு நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்குகிறது என்று கண்டோம். மூல உயிரணுக்கள் இருக்கும் குழிகளோ அடியில் உள்ளன. அவை அழியாதிருக்கும்வரை குடல் மீளும். குருதி திரும்பியபின், எஞ்சிய உயிரணுக்கள் தட்டையாகி நகர்ந்து வந்து, மொட்டையான இடத்தைச் சில மணி நேரத்தில் மூடத் தொடங்குகின்றன. பின்னர் குழிகளிலிருந்து புதியவை ஏறி வருகின்றன. சில நாள்களில் விரல்கள் மீண்டும் உடுத்தப்படுகின்றன. குழிகள் அழியும் அளவுக்குக் காலம் தாழ்ந்துவிட்டால் மட்டும் மீட்சிக்கு வழியில்லை. ஆகவே அந்தச் சில மணி நேரத்திற்காக மருத்துவர்கள் போராடுகின்றனர்.

படிப்படியாக வந்த வெற்றி

துண்டிக்கப்பட்ட குருதிக் குழாய்களை ஊசியும் நூலும் கொண்டு கசியாமல் தைக்கும் முறையை வகுத்தவர் பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் கரேல். 1912-இல் நோபெல் பரிசு பெற்ற இவரே குடலின் பகுதிகளை இடம் மாற்றிப் பொருத்தும் ஆய்வையும் முன்னோடியாகச் செய்தவர். லூர்து நகர் வரலாற்றிலும் இவர் பெயர் உண்டு. 1902-இல் ஐயுறவுடன் அங்குச் சென்ற இவர், வயிற்றுக் காசநோயால் சாகும் நிலையில் இருந்த இளம் பெண்ணொருத்தி திடீரென நலமடைந்ததை நேரில் கண்டு திகைத்தார். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுள் திருச்சபை ஏற்க முடியாத கருத்துகள் உண்டு. எனினும் 1944-இல் அவர் திருச்சபையோடு ஒப்புரவாகி மரித்தார்.

1959-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லில்லெஹை குழுவினர், நாயின் சிறுகுடலை முழுவதும் வெளியே எடுத்து, குளிர்ந்த உப்பு நீரில் சில மணி நேரம் வைத்திருந்து, மீண்டும் அதே நாய்க்குப் பொருத்திப் பிழைக்கச் செய்தனர். குளிரில் குடலைக் காக்கலாம் என்பதற்கு அதுவே முதற்பெரும் சான்று. ஆயினும் 1960-களில் மனிதரிடம் செய்த முயற்சிகள் பலன் தரவில்லை.

1980-களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெல்சர், சதர்ட் என்ற இருவர் புதியதொரு பாதுகாப்பு நீரை உருவாக்கினர். உயிரணுவிற்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளை அதில் சேர்த்தனர். அவை நீரை வெளியே பிடித்து நிறுத்தி, வீக்கத்தைத் தடுத்தன. மேலே கண்ட நச்சுத் துகள்களைக் குறைப்பதற்காக, யூரிக் அமில மூட்டு நோய்க்குத் தரும் அல்லோபியூரினால் என்ற மருந்தையும் சேர்த்தனர். கல்லீரலைக் காக்கும் நேரம் இதனால் இரு மடங்குக்கும் மேலாக நீண்டது. குடலுக்கு அத்துணைப் பெரிய பயன் கிட்டவில்லை. ஆகவே இன்று சிலர் குடலின் உட்குழலிலும் தனியானதொரு பாதுகாப்பு நீரை நிரப்பிப் பார்க்கின்றனர். வேறு சிலர் பெட்டியில் கிடத்துவதற்குப் பதிலாகப் பொறியின் உதவியால் நீரை ஓயாமல் ஓடச் செய்து ஆய்ந்து வருகின்றனர்.

1988-இல் செருமனியின் கீல் நகரில் டெல்ட்ஸ் என்ற மருத்துவர், உயிரோடிருக்கும் சகோதரி தந்த குடல் பகுதியை மற்றொரு சகோதரிக்கு வெற்றியுடன் பொருத்தினார். அடுத்த அறையிலிருந்து வரும் குடல் பெட்டியில் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு அன்றோ! அதே ஆண்டில் கனடாவின் லண்டன் நகரில் டேவிட் கிராண்ட் குழுவினர், இறந்தவரின் கல்லீரலையும் குடலையும் சேர்த்துப் பொருத்தி வெற்றி கண்டனர். 1984-இல் சப்பான் நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்ட டாக்ரோலிமஸ் என்ற மருந்தை, 1989-இல் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்சல் மனிதர்க்குப் பயன்படுத்தத் தொடங்கியபின், குடல் மாற்று அறுவைக்குத் தனியிடம் உண்டாயிற்று.

திருச்சபையின் குரல்

இவையெல்லாம் ஒரு கொடையிலிருந்தே தொடங்குகின்றன. இதில் கத்தோலிக்கர் தயங்க வேண்டியது உண்டா? 1956 மே மாதத்தில் விழிப்படலக் கொடையாளர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இறந்தபின் உடலின் பகுதியைப் பிறர் நலனுக்காகத் தருவது குற்றமன்று என்று தெளிவுபடுத்தினார். மறு ஆண்டு நவம்பரில், மரணம் நேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்வது மருத்துவரின் பொறுப்பு என்றும் அவர் விளக்கினார். 1995-இல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நன்னெறிப்படி செய்யப்படும் உறுப்புக் கொடையை அன்றாட வாழ்வின் வீரச் செயல்களுள் ஒன்றாக வைத்துப் போற்றினார். 2000 ஆகஸ்டு 29 அன்று உரோமையில் கூடிய உலக உறுப்பு மாற்று மருத்துவர்களிடமும் அவர் இதையே வலியுறுத்தினார். நிபந்தனைகளும் உண்டு. கொடை முழு விருப்பத்தோடு இருக்க வேண்டும். உறுப்பு ஒருபோதும் விலைப்பொருள் ஆகலாகாது. கொடையாளர் மரித்துவிட்டார் என்பதில் ஐயம் இருக்கலாகாது.

நம் நாட்டில் 1994-இல் இயற்றப்பட்ட சட்டமும் இவற்றை மனத்திற்கொண்டே அமைந்துள்ளது. மூளைச்சாவை நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். உறுப்பைப் பொருத்தும் மருத்துவர் எவரும் அக்குழுவில் இருத்தலாகாது.

“உறுப்பு குறைந்த உடலோடு உயிர்த்தெழுவோமா?” என்று அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. கடலில் மூழ்கி, உடலும் கரை சேராத நம் மீனவ சகோதரர்களுக்காக நாம் எந்த நம்பிக்கையோடு செபிக்கிறோம்? தீயிலும் விலங்குகளின் வாயிலும் மாண்ட மறைச்சாட்சிகளை எந்த நம்பிக்கையோடு வணங்குகிறோம்? ஒன்றுமில்லாமையிலிருந்து நம்மை உண்டாக்கியவருக்கு, நாம் அன்பினால் கொடுத்துவிட்ட ஒன்று குறையாகத் தோன்றுமோ?

வீட்டிலேயே பேசி வைப்போம்

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். குளிர்பெட்டியின் கடிகாரம் தொடங்குவது, உறுப்பு எடுக்கப்படும்போது குருதியோட்டம் நிறுத்தப்படும் அந்த நொடியில்தான். குடும்பத்தார் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் சேராது. ஆயினும் மூளைச்சாவு அடைந்த உடலில் குருதி அழுத்தம் நிலையாக நிற்பதில்லை. அழுத்தம் குறையக் குறைய, கடைமடையாகிய குடலே முதலில் துன்புறுகிறது. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கச் செலுத்தும் மருந்துகளும் குடலின் குருதிக் குழாய்களைச் சுருக்கக்கூடும். ஆகவே மற்ற உறுப்புகள் தகுதியுடன் இருக்கும்போதே குடல் தகுதி இழந்துவிடுவது உண்டு.

இதற்காகத் துயருற்ற குடும்பத்தை எவரும் அவசரப்படுத்தலாகாது. மகனை இழந்து நிற்கும் தாயிடம் கடிகாரத்தைக் காட்டுவது பிறரன்பு ஆகாது. இழப்பு நேர்வதற்கு முன்பே, நலமாயிருக்கும் நாளிலேயே, குடும்பச் செபம் முடிந்த ஒரு மாலையில் இதைப் பற்றிப் பேசி வைப்பதுதான் சரியான வழி. தகப்பனார் தம் விருப்பத்தைச் சொல்லட்டும். தாயார் தம் விருப்பத்தைச் சொல்லட்டும். வளர்ந்த பிள்ளைகளும் சொல்லட்டும். வேண்டாம் என்போரின் மனமும் மதிக்கப்படட்டும். இறந்தவரின் விருப்பம் முன்பே தெரிந்திருந்தால், துயர வேளையில் அதைத் தீர்மானிக்கும் பாரம் உயிரோடிருப்போர் தோளில் விழாது. தமிழகத்தில் 2008 முதல் இறந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்க முறையான ஏற்பாடு நடைபெற்று வருகிறது; 2023 முதல் உறுப்புக் கொடையாளரின் அடக்கம் அரசு மரியாதையுடன் நடத்தப்படுகிறது.

கண்ணைத் தருவோம், இதயத்தைத் தருவோம் என்று சொல்லும் பலர், குடல் என்றதும் முகம் சுளிப்பதுண்டு. மதிப்பற்ற உறுப்பாகத் தோன்றுவதே அதற்குக் காரணம். கொரிந்து நகரத் திருச்சபைக்கு எழுதும் புனித பவுலடியார், உடலில் வலுவற்றவையாகவும் மதிப்புக் குறைந்தவையாகவும் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்றும், கடவுள் அவற்றிற்கே மிகுந்த மாண்பை அளித்து உடலை அமைத்தார் என்றும் கற்பிக்கிறார். நற்செய்தி நூல்களிலும் ஓர் அரிய செய்தி உண்டு. காயமுற்றுக் கிடந்தவனைக் கண்ட சமாரியர் பரிவு கொண்டார் என்றும், திரும்பி வந்த மகனைக் கண்ட தந்தை பரிவு கொண்டார் என்றும் நாம் வாசிக்கிறோம். அங்கே மூல நூலாகிய கிரேக்கத்தில் உள்ள சொல், வயிற்றின் உள்ளுறுப்புகள் அசைந்து உருகுவதைக் குறிக்கும் சொல்லாகும். பிள்ளை துன்புற்றால் “பெற்ற வயிறு துடிக்கிறது” என்று நம் தாய்மார் சொல்வதும் அதுவே.

குழாய் வழியே உணவு பெற்று, ஒருமுறையாவது வாயால் உண்டு பசியாற மாட்டோமா என்று காத்திருக்கும் குழந்தைகளும் பெரியோரும் இன்றும் இருக்கின்றனர். எங்கோ ஓர் இல்லத்தில் துயரத்தின் நடுவே ஒரு குடும்பம் “சம்மதம்” என்று சொன்னால், பனிப்பெட்டி ஒன்று புறப்படும். ஓட்டுநரும் காவலரும் வழிவிட்டு நிற்கும் மக்களும் அந்தச் சில மணி நேரத்தைக் காக்க உதவுவர். மறுமுனையில் ஒரு பிள்ளை சில வாரங்களில் தன் தாய் ஊட்டும் ஒரு வாய்ச் சோற்றை விழுங்கக்கூடும். இன்றிரவு உணவுக்கு முன் செபிக்கும்போது, அவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வோம். செபம் முடிந்தபின், நம் வீட்டிலும் இதைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.